மதியப் பால்

செவ்வாய்க்கிழமை. காலை 7.25.

பாப்பாவின் வாயைச் சுற்றிச் சிவப்புத் தடிப்புகள். மேலுதடு வீங்கியிருந்தது. ஓட்ஸ் பால் ஊற்றிய கோப்பை சாப்பாட்டு மேசைக்கு அடியில் உருண்டு கிடந்தது. அதில் பாதியைக் குடித்தவள், குடித்ததை என் சட்டையில் கக்கிவிட்டாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்து, நோட்டை எடுத்து எழுதினேன். 'செவ்வாய், 7.25, ஓட்ஸ், தடிப்பு, வாந்தி.' பேருந்துப் பணிமனையில் நேரம் குறிப்பது என் வேலை. எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதிக் கை அப்படியே பழகிவிட்டது.

"எழுதியாச்சா? இனி எல்லாம் சரியாயிடும்," என்றாள் என் மனைவி, பாப்பாவின் வாயில் ஒவ்வாமை மருந்தை ஊற்றிக்கொண்டே.

அவள் லிப்ட் பழுது பார்ப்பவள். பழுது என்று கூப்பிட்டால் முதலில் ஒரு கேள்வியும் கேட்காமல் சுற்றிப் பார்ப்பாள். அவள் சொல்லியிருந்தால் இந்தக் கதையைப் பத்து வரியில் முடித்திருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

பாப்பாவுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. பசும்பால் ஆகாது என்று தெரிந்து மூன்று மாதமாகியிருந்தது. பால், தயிர், வெண்ணெய், பால் சேர்ந்த பிஸ்கட் எல்லாவற்றையும் வீட்டை விட்டுத் துரத்தினோம். சோயாப் பால் வந்தது. ஒரு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு தடிப்பு. சோயாவும் ஆகவில்லை என்று பாதாம் பாலுக்கு மாறினோம். தடிப்பு. தேங்காய்ப் பால். தடிப்பு. இப்போது ஓட்ஸ். அரிசிப் பால் இந்த வயதுக்கு வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அதற்கு மேல் பட்டியலில் ஆள் இல்லை.

சாப்பாடே வேண்டாம் என்று பாப்பா முகத்தைத் திருப்ப ஆரம்பித்திருந்தாள். எடை அறுநூறு கிராம் இறங்கியிருந்தது. "வெள்ளிக்கிழமை இன்னும் இறங்கியிருந்தா ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க. மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் குடுக்கணும்," என்று டாக்டர் சேர்க்கைச் சீட்டையே எழுதி வைத்துவிட்டார்.

காலை 8.00.

என் அக்கா சமையலறையில் இருந்தாள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தவள்.

"அக்கா, நேத்து மத்தியானம் அவளுக்கு என்ன குடுத்த?"

"நீ எழுதி ஒட்டி வச்சிருக்கியே, அதைத்தான்."

"ஒரு வாய் தயிர்? கேக்குல ஒரு துண்டு?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "உன்னைத் தூக்கி வளர்த்தவடா நான்."

"அதனாலதான் கேக்கறேன். எனக்கு என்னென்ன ஊட்டின, எல்லாம் தெரியும்."

வேடிக்கையாகச் சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தபோது அது வேடிக்கையாக இல்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட காட்டிட்டு அங்கேருந்தே நான் கிளம்பறேன். நீயும் உன் நோட்டும் பிள்ளையைப் பார்த்துக்கோங்க."

மாலை 6.40.

மனைவி கையில் கிரீஸோடு வந்தாள். கழுவிவிட்டு நாலு பால் டப்பாக்களையும் மேசையில் வரிசையாக நிறுத்தினாள். டார்ச் அடித்துப் பொடி எழுத்தை ஒன்று விடாமல் படித்தாள். ஒன்றிலும் பசும்பாலின் சாயல்கூட இல்லை.

"நாலு பேரும் யோக்கியனுங்க," என்றாள். வடிகட்டியை முகர்ந்தாள். கோப்பை, கரண்டி, கழுவும் பஞ்சு, சோப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் பாப்பாவுக்கென்று தனியாக வாங்கியவை. பஞ்சைத் தொட்டிக்குள் வீசி எறிந்தாள். "ஒரு மாடியில கதவு திறக்கலைன்னா அது கதவோட பழுது. நாலு மாடியிலயும் திறக்கலைன்னா கதவை எதுக்குக் கழட்டணும்?"

"அப்போ என்னதான்?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? சும்மா இருங்க."

இரவு எட்டேகாலுக்கு வழக்கம்போல நான்தான் பாப்பாவுக்குப் பல் தேய்த்தேன். பல் டாக்டர் கொடுத்த கிரீமைத் தடவினேன். அதன் மிட்டாய் வாசனை அவளுக்குப் பிடிக்கும். டியூபின் வாலை இன்னும் ஒரு சுற்று இறுகச் சுருட்டி வைத்தேன். எதையும் கடைசிச் சொட்டு வரை எடுப்பவன் நான். எட்டரைக்குப் பால். 8.35க்குத் தடிப்பு. எழுதினேன்.

புதன்கிழமை காலையும் அதேதான்.

புதன்கிழமை. மாலை 6.30.

"நோட்டைக் குடுங்க," என்றாள்.

பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "எல்லாம் காலை ஏழேகால், ஏழரை. இல்லன்னா ராத்திரி எட்டரை. ஞாயித்துக்கிழமை காலையில ஒண்ணும் காணோமே?"

"ஞாயிறு எனக்கு முதல் ஷிப்ட். அஞ்சு மணிக்கே போயிட்டேன்."

"ஆமா, அன்னிக்கு நான்தான் பால் குடுத்தேன். ஒண்ணும் ஆகல. சரி, மத்தியானம்?"

"மத்தியானம் ஒண்ணும் எழுதல."

"ஆகலையா, எழுதலையா?"

"சரியான நேரத்துக்கு வந்த வண்டியை நாங்க எழுதறதில்ல," என்றேன்.

அவள் நோட்டை மூடினாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"அண்ணி, மத்தியானம் பால் எத்தனை மணிக்கு?"

"ஒன்றரைக்கு."

"எந்த டப்பா?"

"காலையில உன் புருஷன் திறந்ததுதான். எனக்குன்னு தனியாவா வாங்கி வச்சிருக்கீங்க?"

"எவ்வளவு குடிப்பா?"

"இப்பல்லாம் அரைக் கோப்பை."

"தடிப்பு?"

"ஒரு நாளும் இல்ல."

"ஏன் அண்ணி சொல்லல?"

"யாரு கேட்டா? தயிர் குடுத்தியான்னுதான் கேட்டாங்க."

மனைவி கூடத்துக்கு வந்து ஒரு தலையணையை என் மடியில் போட்டாள். "இதுதான் பாப்பா. காலையில எழுப்பினதுலேருந்து பால் குடுக்கற வரைக்கும் என்ன செய்வீங்களோ, அப்படியே செய்யுங்க."

"தலையணைக்கா?"

"செய்யுங்க."

தலையணையின் முகத்தைத் துடைத்தேன். சட்டை மாற்றுவதுபோல் பாவனை செய்தேன். குளியலறைக்குத் தூக்கிப் போய்ப் பல் தேய்த்தேன். கிரீம் டியூபை எடுத்து மூடியைத் திருகினேன்.

"நில்லுங்க. அது பேஸ்ட் இல்லையா?"

"பல் தேய்ச்ச பிறகு தடவற கிரீம். முன்பல்லுல வெள்ளைப் புள்ளி இருந்துச்சே, அதுக்குப் பல் டாக்டர் குடுத்தது. ரெண்டு மாசம் ஆச்சு."

சொல்லும்போதே என் குரல் இறங்கியது. அவள் டியூபை வாங்கி, நான் சுருட்டி வைத்திருந்த வாலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். கசங்கிய நுனியில் பொடி எழுத்தில் இரண்டு வரி. பாலிலிருந்து எடுத்த புரதம் சேர்ந்தது. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது.

"பல் டாக்டர் ஒண்ணும் கேக்கலையா?"

"ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு கேட்டாங்க. மருந்து எல்லாம் ஒத்துக்கும்னு சொன்னேன்."

அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "காலையில கிரீம், பத்து நிமிஷத்துல பால். ராத்திரியும் கிரீம், பின்னாடியே பால். தடிப்பு வரும்போது பக்கத்துல நின்னது பால், அதனால பழி அது மேல. ஞாயித்துக்கிழமை நீங்க இல்ல, கிரீம் இல்ல, தடிப்பும் இல்ல. மத்தியானம் கிரீமே கிடையாது. நாலு பாலையும் குற்றவாளின்னு துரத்தினீங்க. அப்புறம் அண்ணியைப் பிடிச்சீங்க." டியூபை என் உள்ளங்கையில் வைத்தாள். "ஆள் நீங்கதான்."

அன்று இரவு கிரீம் இல்லை. தடிப்பும் இல்லை. வியாழக்கிழமை காலையும் இல்லை. "எழுதுங்க," என்றாள். "7.25, ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க."

அக்கா என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை. காலை 10.15.

எடை மேடையில் பாப்பா நிற்க மறுத்தாள். உட்கார வைத்து எடை பார்த்தார்கள். எண்பது கிராம் ஏறியிருந்தது.

டாக்டர் சேர்க்கைச் சீட்டைக் குறுக்கே அடித்தார். டியூபைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் படித்தார். "இதை யாரு கண்டுபிடிச்சது?"

"இவ அத்தை," என்றாள் என் மனைவி.

வாசலோரம் பையோடு நின்ற அக்கா திடுக்கிட்டாள். "நான் எங்கம்மா கண்டுபிடிச்சேன்? நீ கேட்ட, நான் சொன்னேன்."

"அதைத்தான் வேற யாரும் கேக்கல."

"அப்போ எந்தப் பால் குடுக்கறது டாக்டர்?" என்றேன்.

"சோயா. கால்சியம் சேர்த்தது, சர்க்கரை இல்லாதது. மத்த மூணுலயும் புரதம் இந்த வயசுக்குப் பத்தாது."

"இதை நீங்க முதல்லயே சொல்லியிருந்தா..."

"முதல் நாளே சொன்னேன் சார். நீங்கதான் ஒத்துக்கலைன்னு நிறுத்தினீங்க."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ரெண்டு மாதம், நாலு பால், புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தோம்.

அப்போது அக்கா உள்ளே வந்து பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். டாக்டரிடம் கேட்டாள்: "சோயாவைக் காய்ச்சணுமா, அப்படியே குடுக்கலாமா?"

"நல்லாக் குலுக்கிட்டு அப்படியே குடுங்க. கால்சியம் அடியில தங்கிடும்."

"எவ்வளவு?"

"ஒரு நாளைக்கு ரெண்டு கோப்பை போதும்."

அக்கா தலையாட்டினாள். மூன்று நாளில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"கடைக்குப் போய் ரெண்டு டப்பா வாங்கிட்டு வா. ஒன்றரைக்குள்ள வந்துடணும். முழுசாப் படிச்சுப் பார்த்து வாங்குடா."