பாதிக் குறி

பாதிக் குறி இரண்டாவது தடவையாக விரலில் தட்டுப்பட்டபோது, தன் கவனம்தான் எங்கோ போய்விட்டது என்று அவள் நினைத்தாள். பாறை ஏறும் கயிற்றின் சரிபாதியில் கறுப்பு மையால் போட்டிருக்கும் பட்டை அது. ஒரு கயிற்றுக்கு ஒரு பாதிதான் இருக்க முடியும். முதல் குறி வந்தபோது, அப்பாடா பாதி முடிந்தது என்று எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தது நன்றாக நினைவிருந்தது. அந்தத் தேநீர்கூட இன்னும் ஆறவில்லை. மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல், தீவுகளுக்கும் கரைக்கும் நடுவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்காரும்போது கயிற்றை மாற்றிப் பிடித்திருப்போம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தனியாக இருக்கிறவளுக்குத் திட்டக்கூட வேறு ஆள் கிடைப்பதில்லை.

கல்யாணம் ஆன கையோடு கணவனுக்கு வேலை வந்துவிட்டது. நடுக்கடலில் நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகளில் கயிறு கட்டித் தொங்கி, விரிசல் பார்த்து அடைக்கிற வேலை. புதுத்துணி கசங்குவதற்குள் படகேறிவிட்டான். தேனிலவு தள்ளிப்போனது. தள்ளிப்போனால் என்ன, போவதைப் பெரிதாகவே போவோம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். ஐரோப்பாவின் தென்கோடியில் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கடலை ஒட்டியே ஓட்டிக்கொண்டு, எங்கெல்லாம் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறதோ அங்கெல்லாம் நிறுத்தி ஏறுவது, இருட்டினால் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வது என்று திட்டம். மாமியாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. தேனிலவுக்குப் போகிறவர்கள் கைகோத்துக்கொண்டு நடப்பார்கள், இதுகள் என்னடாவென்றால் தொங்கப் போகிறதுகள் என்று போனில் அலுத்துக்கொண்டார். மகன் தன் மனைவியைப் பல்லி என்றுதான் கூப்பிடுகிறான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அதற்குத் தனியாக ஒரு பாட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

பல்லிக்கு ஏறுவதில் பிடித்தது உயரம் இல்லை. கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆள் இருக்கிறது என்பதுதான் பிடிக்கும். நாம் ஏறினால் அந்த ஆள் கயிறு விடும், நின்றால் அதுவும் நிற்கும், கால் வழுக்கினால் சட்டென்று பிடிக்கும். காற்று குரலைத் தின்றுவிடும் உயரங்களில் பேச்சும் கயிற்றின் வழியாகத்தான். முதலில் மேலே போய்ச் சேர்ந்தவர் மூன்று தடவை இழுத்தால், நான் பத்திரமாக இருக்கிறேன், நீ ஏறி வா என்று பொருள். கீழே நிற்பவர் பதிலுக்கு ஒரு தடவை இழுத்தால், இதோ வருகிறேன். கல்யாணத்துக்கு முன்பு வாரம் தவறாமல் அப்படி இழுத்துப் பேசிக்கொண்டவர்கள் அவர்கள். இப்போது அவள் வேலைக்குப் போவாள், வருவாள், விளக்கைப் போடுவாள், அணைப்பாள். வீட்டில் அவள் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருந்தது. 

செயற்கைப் பாறைச் சுவர் கட்டிவைத்து ஏறப் பழக்கிவிடும் பயிற்சிக்கூடத்தின் சொந்தக்காரரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். தேனிலவில் ஏறப்போகும் பாறைகளின் உயரத்துக்கு அவர்களிடம் இருந்த கயிறு போதாது என்றதும், பின்னறையில் நீளமான கயிறு ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றார். அவர் அப்போது புதிதாகச் சேர்ந்தவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்னறையில் விளக்கு எரியவில்லை. ஒரு பெட்டிக்குள் கைக்குத் தட்டுப்பட்ட பையை எடுத்துக்கொண்டு அவள் வந்துவிட்டாள்.

முன்கதை தெரியாத கயிற்றை அப்படியே நம்பக்கூடாது. விரலிடுக்கில் கொடுத்து, முழுநீளத்துக்கும் மெல்ல உருவிப் பார்க்க வேண்டும். எங்காவது மெத்தென்று அமுங்கினாலோ, தட்டையாக இருந்தாலோ, முடிச்சுப்போலப் புடைத்தாலோ அது ஆகாது. வீட்டுக் கூடத்துத் தரையெல்லாம் பயணத்துக்கான துணியும் சமையல் அடுப்பும் தூங்கும் பையுமாகக் கிடந்ததால், படுக்கையறையில் கணவன் படுக்கும் பக்கத்தில் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, ஒரு முனையை மட்டும் கூடத்துக்கு இழுத்துவந்து உட்கார்ந்திருந்தாள். ஏறும்போது மாட்டிக்கொள்ளும் புது இடுப்புப் பட்டை தொடையை அறுக்கிறதா என்று பார்க்க மாலையிலிருந்தே அதை மாட்டிக்கொண்டுதான் வீட்டில் நடமாடினாள். முனை குவியலில் தொலைந்துபோகாமல் இருக்க, கை பழக்கத்தில், அதை எட்டு வடிவ முடிச்சாகப் போட்டுத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் நாற்காலிக் காலில் கட்டியிருப்பார்கள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடிக்குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம், குளிர்பெட்டியின் முனகல், இவற்றுக்கு நடுவில் விரலிடுக்கில் கயிறு ஓடும் சரசரப்பு. சிறிது நேரத்தில் மூன்றாவது குறி வந்தது.

இந்தத் தடவை அவள் எழுந்திருக்கவில்லை, மாற்றிப் பிடிக்கவும் இல்லை. இடப்பக்கம் பார்த்துமுடித்த கயிறு முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பை அத்தனை பெரிதல்ல. கட்டிலில் கொட்டியபோது ஒரு தலையணை அளவுதான் இருந்தது.

அவளுக்குக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. சத்தம் புகாத அறையில் ஆளை உட்கார வைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவாள், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்றுமே அனுப்பாதபோதும் சிலர் அழுத்துவார்கள். அமைதி மிஞ்சிப்போனால் காது தானாகவே ஒன்றைக் கேட்டுக்கொள்ளும், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர்களிடம் சொல்லுவாள். இப்போது அதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள். ஏனென்றால் அவள் காதில் விழுந்தது ஒரு சத்தம் அல்ல, ஒரு சத்தம் இல்லாமை. குவியலிலிருந்து உருவப்படும் கயிறு மெத்தை விரிப்பில் உரச வேண்டும், கட்டில் விளிம்பில் தட்டிக்கொண்டு விழ வேண்டும். அப்படி எதுவும் கேட்கவில்லை. படுக்கையறை இருட்டிலிருந்து கயிறு வழுவழுவென்று, சிக்கில்லாமல், அவள் இழுக்கும் முன்பே வந்துகொண்டிருந்தது.

அவள் நிறுத்தினாள். கயிறும் நின்றது. பிறகு, மிச்சமாகத் தளர்ந்து கிடந்த ஒரு வளைவு மட்டும், படுக்கையறைக் கதவுப் பக்கம் மெல்ல நகர்ந்து நேரானது.

கணவனைப் போனில் கூப்பிட்டாள். கடலில் இருந்து அவன் குரல் விட்டுவிட்டு வந்தது. ஒரே கயிற்றில் மூன்று பாதி வருகிறது என்று சிரித்தாற்போலத்தான் சொன்னாள். அவனும் சிரித்தான், வேலைக்களைப்பு, தூங்கு பல்லி என்றான். எப்போது வருவாய் என்று கேட்கக்கூடாது என்று வைத்திருந்தாள், கேட்டும்விட்டாள். பதில் காற்றோடு போயிற்று. இணைப்பு அறுந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அப்போதுதான் உள்ளங்கையைப் பார்த்தாள். வெள்ளைத்தூள். ஏறும்போது வியர்க்காமல் இருக்கக் கையில் பூசிக்கொள்ளும் தூள். அவள் இன்று அதைத் தொடவே இல்லை. கயிறும் கதகதப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கைமாற்றிக் கொடுத்த மாதிரி.

அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததுமே, மறந்துபோய்விட்டாயே, அலமாரியில் நீலக்கயிறு அப்படியே இருக்கிறதே என்றார். இல்லை, பெட்டிக்குள் இருந்த பச்சைக் கயிற்றை எடுத்துவந்தேன் என்றாள். 

"முழுசாவா இருக்கு?"

"முழுசாத்தான் இருக்குண்ணே. ஏன்?"

"இருக்காதும்மா. அது ஒரு பொண்ணு விழுந்த கயிறு. விழுந்த கயித்தை யாரும் தெரியாம எடுத்துடக் கூடாதுன்னு வெட்டித்தான் போடுவோம். நானே வெட்டினேன். முழம் முழமா வெட்டி, பையில கட்டிப் பெட்டியில போட்டேன்."

 அவர் தானாகவே மேலே பேசினார், சொல்லாமல் வைத்திருந்து வைத்திருந்து பாரம் தாங்காதவர் போல. அந்தப் பெண்ணும் அவள் ஆளும் சேர்ந்து பெரிய பாறைச் சுவர் ஒன்றில் ஏறப் போனார்களாம். அந்தப் பெண் முதலில் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறாள். கீழே நின்றவன் ஏதோ சண்டையில் கயிற்றை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

"பக்கத்துச் சுவத்துல இருந்தவங்க பாத்திருக்காங்க. கயிறு ஆடிட்டே இருந்துச்சாம், மூணு மூணா. விழற வரைக்கும்." பிறகு கேட்டார், "வீட்ல தனியாவா இருக்கே?"

ஆமாம் என்றாள். நான் வருகிறேன், நீ அதைத் தொடாதே, கதவைத் திறந்து வெளியில் வந்து நில் என்றார் அவர். எழுந்தாள். வாசற்கதவைப் பார்த்தாள். அந்த நேரத்தில், நடுவில் கிடந்த குவியல் அசையாமலே, இடுப்பில் கட்டிய முடிச்சு அசைந்தது.

ஒரு இழுப்பு. மென்மையாக.

இன்னொன்று.

மூன்று.

அவள் எத்தனை மாலைகள் அந்த மூன்று இழுப்புக்காகக் காத்திருந்தாள் என்று அவள் கைக்குத்தான் தெரியும். மூளை வேண்டாம் என்று அலறுவதற்குள் கை முந்திக்கொண்டது. எப்போதும் செய்கிற மாதிரி, கயிற்றைப் பிடித்து ஒரு தடவை இழுத்தது.

இதோ வருகிறேன்.

மழை நின்றுவிட்டதா, அவளுக்குக் கேட்கவில்லையா, தெரியவில்லை. இடப்பக்கத்துக் குவியல் அசையத் தொடங்கியது. வளையம் வளையமாக அவிழ்ந்து, தரையில் ஓடி, படுக்கையறைக் கதவு தாண்டி இருட்டுக்குள் போனது. குவியல் முழங்கால் உயரத்திலிருந்து கணுக்கால் உயரமாயிற்று. பிறகு இல்லை. கயிறு தரையை விட்டு எழும்பி நேரானது. முடிச்சு இறுகியது.

இறுகிய முடிச்சு அவிழாது. அவளுக்குத் தெரியாததல்ல. நகம் பிய்ந்தது. பட்டையின் கொக்கி முடிச்சுக்கு அடியில் நசுங்கியிருந்தது. கத்தரிக்கோல் சமையலறையில். மேசைக்காலைக் கட்டிக்கொண்டாள். மேசை கூடவே வந்தது. தேநீர் கவிழ்ந்து தீவுகளெல்லாம் நனைந்தன. போன் தரையில் விழுந்து ஒளிர்ந்தது. கணவன். பாறையில் தொங்கிக்கொண்டு அவன் சிரிக்கும் படம். கையை நீட்டினாள். ஒரு சாண் எட்டவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

இழுப்பில் முரட்டுத்தனம் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. அவள் ஒரு அடி வைத்தால் ஒரு அடி கயிறு உள்ளே போகும். நின்றால் நிற்கும். முதல்முறை ஏறுகிறவளுக்குக் கயிறு பிடிக்கிற மாதிரி, பொறுமையாக, அக்கறையாக.

படுக்கையறை. பழகிய கை விளக்கைப் போட்டது.

கட்டிலில் கயிறு இல்லை. கணவன் படுக்கும் பக்கத்தில் காலிப் பை மட்டும் கிடந்தது. கயிறு அவள் இடுப்பிலிருந்து கட்டிலைத் தாண்டி, சுவரோடு மேலே போயிற்று. சுவரில் வெள்ளைத் தூளில் கைத்தடங்கள். சிறிய கைகள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறி, மேற்கூரையிலும் தொடர்ந்து, விளக்கு வெளிச்சம் எட்டாத மூலைக்குள் போயின. அந்த மூலை அவ்வளவு உயரமாக ஒருபோதும் இருந்ததில்லை. அங்கிருந்து காற்று அடித்தது. பாறைக் காற்று. உப்பு வாசனை.

குதிகால் தரையை விட்டு எழுந்தது. பிறகு விரல்கள்.

அண்ணன் கீழே வந்துவிட்டார் போல. தெருவில் வண்டிக் கதவு சாத்தும் சத்தம், படியில் காலடி, வாசலில் தட்டல், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல், எல்லாம் மிகவும் அடியில் கேட்டன, காற்றில் பாதி தொலைந்து. அவள் கத்தினாள். உயரத்தில் குரல் இறங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

கை பழக்கப்படி சுவரில் தடவியது, எதையாவது பற்றிக்கொள்ள. தலைக்கு மேலே, இருட்டுக்குள், கிடைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. தூள் பூசியிருந்தது.

அதுவும் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டது.