வயது பொருந்தாத பாகம்

மின்வழங்கி செத்துவிட்டது. வேறெந்தப் பாகம் போயிருந்தாலும் மகுடபதி இப்படி இடிந்துபோயிருக்க மாட்டார். இல்லக்கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுப்பது அதுதான். அந்தக் கணினி சொல்லித்தான் அவர் மனைவி பூங்கோதையின் மார்புக்குள் இருக்கும் மூச்சுத்தூண்டி வேலை செய்கிறது. தூண்டியின் சொந்த மின்கலம் நாளைக் காலை வரை தாங்கும். அதற்குமேல் தாங்காது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமே என்பீர்கள். அங்கேயும் இதே எழவுதான்! ஆஸ்பத்திரிக் கணினிகள் புதியவை. பூங்கோதையின் பழைய தூண்டியோடு பேசாது. அதை எடுத்துவிட்டுப் புதிது வைக்க இன்னொரு அறுவைசிகிச்சையை அவள் உடம்பு தாங்காது. எல்லாம் இணக்கியால் வந்த வினை. ஒரு காலத்தில் பொருந்தாத பாகங்களைக் கண்டபடி மாட்டி வீடுகள் எரிந்தன. அதனால் ஒவ்வொரு பாகத்திலும் இணக்கி என்ற சின்னச் சில்லைப் பதித்தார்கள். மாட்டியதும் பாகங்கள் ஒன்றின் பிறந்த ஆண்டை ஒன்று கேட்டுக்கொள்ளும். ஐந்து வருடத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொள்ளும். வீடுகள் எரிவது நின்றது. எல்லோரும் கைதட்டினோம்.

தூண்டி வைத்த அதே ஆண்டு, எட்டு வருடத்துக்கு முன், மகுடபதி ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி அந்தக் கணினியைச் சேர்த்தார். இன்று அந்த வயதுப் பாகங்கள் கண்ணில் படுவதே அபூர்வம். காந்திபுரத்தில் கணினிப் பாகக் கடை வைத்திருக்கும் சிராஜிடம் இருந்தது இந்த வருடத்து மின்வழங்கி மட்டும்தான்.

"இது சேராதுங்ணா. பழசு ஒண்ணு எங்கியாவது இருக்கும், சாயங்காலத்துக்குள்ள தேடிப் புடிச்சிர்றேன். அதுவரைக்கும் எதையும் நோண்டிராதீங்க," என்றான் சிராஜ்.

"கெடைக்கலீன்னா?"

சிராஜ் அதற்குள் போனில் யாரையோ விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். மகுடபதி புதியதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வயதை மாற்ற ஒரு கள்ளவழி உண்டு, ஊருக்கே தெரியும். புதிய பாகங்களில் ஆண்டைத் தொட முடியாது, பூட்டியிருக்கும். பழையவற்றில் அழித்து எழுதலாம். ஆனால் ஒரே ஒரு தடவைதான். அதன்பின் அவையும் பூட்டிக்கொள்ளும்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" கட்டிலில் இருந்து பூங்கோதை கேட்டாள்.

"ஜாதகம் திருத்தறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மூச்சும் வாங்கியது. "எனக்குப் பண்ணுன மாதிரியா?"

அவள் பிறந்த நேரத்தை அவள் அப்பா மாற்றி எழுதித்தான் இந்தக் கல்யாணமே நடந்தது. தாலி கட்டிய மறுவாரமே அவள் வாயாலேயே அதைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"நாம என்ன கெட்டா போயிட்டோம்?" என்றார் மகுடபதி.

அந்தத் தெம்பில் தாய்ப்பலகை, செயலி, நினைவகம் என்று எல்லாவற்றையும் இந்த வருடத்துக் குழந்தைகளாக்கினார். மின்வழங்கியை மாட்டினார். விசிறி சுழன்றது, திரையில் வெளிச்சம் வந்தது. "ஓடுது புள்ள, ஓடுது!" என்று கத்தினார்.

கணினி பாகங்களை வரிசையாக விசாரித்தது. கடைசியில் பூங்கோதையின் மார்பை விசாரித்தது. தூண்டி ஒளிவுமறைவில்லாமல் தன் வயதைச் சொன்னது.

'ஒரு பாகம் பொருந்தவில்லை. அகற்றிவிட்டு மீண்டும் தொடங்கவும்.'

அட கடவுளே! பூங்கோதையை ஒரு பாகமாக அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"இதையும் திருத்திருங்களேன்," என்றாள் அவள்.

"முடியாது கண்ணு. உடம்புக்குள்ள வெக்கறதப் பூட்டிட்டுத்தான் வெப்பாங்க." சொல்லும்போதே அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சிராஜ் போனில் அழைத்தான். அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணா, கெடைச்சிருச்சு! அதே வருசம், டப்பாகூடப் பிரிக்கல. உங்க கணினிக்கு அச்சு அசலாப் பொருந்தும். இப்பவே கொண்டாரட்டுங்களா?"

மகுடபதி தான் திருத்திய பாகங்களைப் பார்த்தார், பூட்டிக்கொண்ட அவற்றில் ஒன்றைக்கூட இனிப் பழைய வயதுக்குத் திருப்ப முடியாது. பூங்கோதைதான் பதில் சொன்னாள்.

"வேண்டாம் தம்பி. வேற யாராச்சும் தேடிட்டு இருப்பாங்க, அவங்களுக்குக் குடுத்துருங்க."