கையால்தான் அணைக்க முடியும்

வைஃபை சின்னத்தின் மேல் மறுபடியும் குறுக்குக் கோடு விழுந்தது. அவள் இரண்டு கைகளும் விசைப்பலகையின் மேல்தான் இருந்தன. அவள் எதையும் அணைக்கவில்லை.

"சனியனே," என்று மடிக்கணினியைத் திட்டினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் குடும்பநல நீதிமன்ற விசாரணை, காணொளியில். மகள் குட்டி யாரிடம் வளர்வது என்று இன்றைக்கு முடிவாகிவிடும். அம்மா முன்கோபி, பிள்ளையைக் கைநீட்டி அடிப்பவள் என்று குட்டியின் அப்பன் மனு போட்டிருந்தான். அடித்ததே இல்லை. கத்தியிருக்கிறாள், கதவை அறைந்து சாத்தியிருக்கிறாள், போன மாதம் ஃபோனைச் சுவரில் விட்டெறிந்திருக்கிறாள். அதில் கேமரா போனதால்தான் தம்பி கொடுத்த இந்தப் பழைய டப்பாவோடு இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். விண்டோஸ் ஆமை வேகத்தில் ஓடுகிறதென்று அவன் லினக்ஸ் வேறு போட்டுத் தொலைத்திருந்தான். யார் கேட்டார்கள்?

வெளியே மழை பிடித்து ஊற்றியது. பின்னால் வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று வக்கீல் சொன்னதால் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, கீறல் விழுந்த மேசையின் மேல் தரைவரை தொங்கும் துணியையும் விரித்திருந்தாள். பகலிலேயே அறை இருட்டிக் கிடந்தது. வார இறுதிக்கு அப்பாவிடம் போயிருந்த குட்டி சற்று முன்புதான் வந்து சேர்ந்தாள். தாழிடாத முன்கதவு திறந்து மூடியதும், சின்னப் பாதங்கள் ஈரத்தோடு கூடத்தைக் கடந்து ஓடிவந்ததும், துணி விலகி மேசைக்கடியில் அடங்கியதும் அவள் காதில் விழுந்தன. "செருப்பைக் கழட்டினியாடி?" என்று மட்டும் கேட்டாள். பதில் வரவில்லை. முறைத்துக்கொண்டு உட்காரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

தம்பியை ஃபோனில் பிடித்தாள்.

"அக்கா, டெர்மினலைத் திற, கமாண்டு அடிக்கிற கறுப்பு விண்டோ. ஆர்எஃப்கில் லிஸ்ட்னு அடி. என்ன வருது?"

"சாஃப்ட் பிளாக், நோ. ஹார்டு பிளாக், எஸ். என்ன எழவுடா இது?"

"ஹார்டுன்னா வெளி சுவிட்சு. அப்ப லினக்ஸ் மேல தப்பில்ல. முன்பக்க விளிம்புல, உன் வயித்துக்கு நேரா, தள்ளுற மாதிரி சின்ன சுவிட்ச் இருக்கும் பாரு. அதை யாரோ அணைச்சிருக்காங்க."

"நான் அதைத் தொடவே இல்ல!"

"கமாண்டு போட்டெல்லாம் அது நகராதுக்கா. கையால தள்ளினாத்தான் உண்டு."

அவள் தடவிப் பார்த்தாள். சுவிட்ச் அணைந்த பக்கம்தான் இருந்தது. அதன் மேல் ஈரம். சேறு கலந்தது போல ஒரு வாடை விரலில் ஒட்டியது. தள்ளினாள். வைஃபை வந்தது. நீதிமன்றப் பக்கம் சுற்றிச் சுற்றித் திறக்கப் பார்த்தது.

டிக்.

குறுக்குக் கோடு.

இப்போது புரிந்துவிட்டது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"உன் மருமக பண்ற வேலைடா இது. மேசைக்கடியில உக்காந்துக்கிட்டு நோண்டுறா."

"அம்மாவுக்குத் தப்பாம பொறந்திருக்கா," என்று அவன் சிரித்தான். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

"ஏய், வெளிய வா. அம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும்."

அசைவில்லை. முழங்காலில் மட்டும் ஜில்லென்று ஏதோ பட்டது. நனைந்த பாவாடையாக இருக்கும். பிள்ளையைத் துவட்டிக்கூட விடாமல் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான், பொறுப்பில்லாதவன். இவனிடம்தான் பிள்ளையைக் கொடுக்க வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சைத் தள்ளினாள். இடது கையை மடியில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மழைச் சத்தம். விசிறியின் இரைச்சல். துணி உரசும் ஓசை.

பிடித்தாள்.

சின்ன மணிக்கட்டு. ஈரம். ஐஸ் மாதிரி குளிர். திமிறவே இல்லை.

"மாட்டினியா! இன்னொரு தடவை தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!"

"யார் கையைம்மா?"

நீதிமன்றப் பக்கம் திறந்திருந்தது. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டத்தில் அவளுடைய வக்கீல் தலையில் கை வைத்திருந்தார். மூன்றாவது கட்டத்தில் ஒரு காரின் உட்புறம். மழை வழியும் கண்ணாடி. அப்பன். அவன் மடியில், இரட்டைச் சடையோடு, குட்டி.

"கேட்டீங்களா மேடம்?" என்றான் அவன். "இதைத்தான் நான் மனுவுல சொல்லியிருந்தேன். ரோடெல்லாம் தண்ணி, அதான் பாப்பாவைக் கொண்டுபோய் விட முடியல."

குட்டி கையாட்டினாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

அடித்ததில்லை என்று சொல்ல வேண்டும். பாப்பாவைச் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு யாரை?

"மேசைக்குக் கீழ யாரைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?" நீதிபதியின் குரல் இறுகியது. "வேற குழந்தையா? கையை மேல எடுங்கம்மா. ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்."

எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் குட்டி போய்விடுவாள். அவள் பிடியைத் தளர்த்தினாள். விரல்களை நன்றாக விரித்தாள்.

அந்தக் கை போகவில்லை. திரும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, கையை!" என்றார் நீதிபதி.

இழுத்தாள். வந்தது. கையோடு சேர்ந்து எல்லாமும் எழுந்து வந்தது. மடியில் பாரம் ஏறியது. அப்பன் தன் உள்ளங்கையால் குட்டியின் கண்களைப் பொத்தினான்.

திரையில் அவளுடைய கட்டத்தில், மேசை விளிம்புக்கும் அவள் மார்புக்கும் நடுவே, தண்ணீர் சொட்டும் ஒரு சின்னத் தலை மெல்ல எழும்பியது. கேமராவுக்குப் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. முகம் அவள் பக்கம் இருந்தது. அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.