நடுவில் நிற்பது

தம்பி காலையில்தான் பார்த்துப் பார்த்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர், உள்ளே புது பிளாஸ்டிக் வாடைகூட இன்னும் போகவில்லை, அதற்குள் நெட் இழுத்துக்கொண்டு கிடந்தது. தலையில் அடிபட்ட ஒரு குழந்தையின் ஸ்கேன் படம் நெற்றி வரைக்கும் வந்து, அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

ஸ்கேன் படம் பார்த்துச் சொல்கிற டாக்டர் அவள். நிழல்கள் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்று ஜன்னலுக்குக் கறுப்புத் திரைச்சீலை போட்டுப் பட்டப்பகலிலும் அறையை இருட்டாக்கி வைத்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

போன் அடித்தது. எங்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் டூட்டி டாக்டர்.

"மேடம், பாத்துட்டீங்களா? இங்க படம் எடுக்கத்தான் முடியும், படிக்க ஆள் இல்ல. ரத்தம் எந்தப் பக்கம் கட்டியிருக்குன்னு நீங்க சொன்னாத்தான் சர்ஜன் மண்டைய திறப்பார். குழந்தைக்கு மூச்சு இழுக்குது மேடம்."

"இதோ, கூப்பிடறேன்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பியைப் போனில் பிடித்தாள்.

"கேபிள் வாங்க மறந்துட்டேன்க்கா, திட்டாத. வைஃபைலதான் ஓடுது. சிக்னல் எவ்ளோ காட்டுது?"

"ஒரே ஒரு கோடுடா."

"ரூட்டருக்கும் மெஷினுக்கும் நடுவுல யாராவது நிக்கறாங்களா? மனுஷ உடம்பு சிக்னலை நல்லா மறைக்கும்."

"லூசு மாதிரி பேசாத. நான் மட்டும்தான் இருக்கேன்."

"அப்ப ரூட்டரைக் கிட்ட தூக்கிட்டு வா."

நல்லவேளை, வயர் நீளமாக இருந்தது. ஹாலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து நடைவழியில் வைத்தாள். கோடுகள் முழுவதும் நிறைந்தன, படம் மளமளவென்று புருவம் வரை இறங்கியது, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரோ நிதானமாக நடந்து வந்து குறுக்கே நின்றுகொண்ட மாதிரி இருந்தது.

சீ, என்ன நினைப்பு இது. ரூட்டரை அறை வாசற்படியில் வைத்தாள். கோடுகள் நிறைந்தன. அணைந்தன. இந்தமுறை சீக்கிரமாகவே.

ரூட்டரை மறுபடி தூக்கினாள். மேஜைமேலேயே வைத்துவிட்டாள். ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. அந்த ஒரு சாணில் என்ன நிற்க முடியும்?

மறுபடி ஒரே கோடு.

முகத்தில் பட்டுக்கொண்டிருந்த மின்விசிறிக் காற்று நின்றது. விசிறி மட்டும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஈரத்துணியை மடித்து வைத்த மக்கிய வாடை. மிகப் பக்கத்தில்.

பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறவள் அவள். இப்போது கைகூப்பினாள்.

"தள்ளு. நீ யாரா இருந்தாலும் சரி, உன் கால்ல விழறேன். அங்க ஒரு குழந்தை செத்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் தள்ளிக்கோ."

தள்ளிக்கொண்டது.

காற்று முகத்தில் பட்டது. படம் முழுவதும் இறங்கியது. இடது பக்கம், பெரிய ரத்தக்கட்டி. சந்தேகமே இல்லை. அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"இடது பக்கம் டாக்டர்! இடது!"

"மேடம்? வாய்ஸ் வரல. எந்தப் பக்கம்?"

"இடது! ஐயோ, இடது!"

"ஹலோ? மேடம்?"

காது சில்லிட்டது. காதுக்கும் போனுக்கும் நடுவில் ஏதோ ஈரமாக ஒட்டியது. அந்த வாடை.

பிறகு, அவள் குரல் பேசியது. அவள் பேசவில்லை.

"வலது பக்கம் டாக்டர். தாராளமா திறங்க."

"தேங்க்ஸ் மேடம். இப்பவே ஆரம்பிக்கறோம். லைன்லயே இருங்க."

கத்தினாள். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. காதிலிருந்து போனைப் பிடுங்கப் பார்த்தாள். வரவில்லை. அவள் விரல்கள்மேல் வேறு விரல்கள்.

போனுக்குள், தூரத்தில், எலும்பைத் துளைக்கும் கருவி சுழலத் தொடங்கியது.