மூன்றாம் கம்பி

மனத்தில் ஒரு சொல் தோன்றினால், மறுகணமே அது நாவில் வந்து நிற்கும் இயல்பினள் அவள். ஆகவே வீட்டில் எல்லாரும் அவளை ‘முந்திரிக்கொட்டை’ என்றே அழைத்தனர். அப்படிப்பட்டவள் இரண்டு ஆண்டுகளாக ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் கட்டிக்காத்து வந்தாள்.

பின்னறைச் சன்னலின் மரச்சட்டத்தில் மூன்றாவதாக நிற்கும் இரும்புக்கம்பி அது. மழை பொழியும் நாள்களில் விரல் பட்டால் உடம்பெல்லாம் மெல்லச் சிலிர்க்கும்.

“மேகம் நமக்குச் சேதி அனுப்புது. யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்று அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தான்.

மழையொலி கேட்டதும் இருவரும் முட்டி மோதி ஓடிய மாலைகள்தாம் எத்தனை! இப்போது அண்ணன் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஒவ்வொரு மழைக்கும் அவள் தனியே அங்கே நின்று அவனை நினைத்துக்கொள்வாள்.

அன்று, வீட்டின் மின்னிணைப்புகளைச் சோதிக்க ஓர் ஆய்வாளர் அம்மையார் வந்தார். சுவிட்சுகளைக் கழற்றினார், கருவியை வைத்து அளந்தார், தாளில் ஒவ்வொன்றாகக் குறித்தார்.

“பழைய வீடுன்னாலும் பரவாயில்ல சார். எங்கேயும் கசிவு இல்ல” என்று பேனாவை மூடினார்.

“அப்பாடா!” என்றார் அப்பா.

“கசிவுன்னா என்ன ஆன்ட்டி?” என்று அவள் கேட்டாள்.

“வயருக்குள்ளேயே ஓட வேண்டிய கரன்ட், தப்பி வெளிய வர்றது. தொட்டா ஜிவ்வுன்னு இழுக்கும். கை கால் ஈரமா இருந்தா உயிருக்கே ஆபத்து.”

அவள் பின்னறைச் சன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அதே நேரம் ஐந்து வயதுத் தம்பி அந்தச் சன்னலில் தொற்றி ஏறினான்.

“அக்கா, அடுத்த மழைக்கு என்னையும் மேகத்தோட பேச வைக்கிறேன்னு சொன்னியே!”

எப்படி என்று அவள் அவனிடம் சொன்னதில்லை. ஆனாலும் அவன் பிடித்திருந்தது மூன்றாம் கம்பி.

சொன்னால் அண்ணனுக்குச் செய்த சத்தியம் போய்விடும். சொல்லாவிட்டாலோ...

“ஆன்ட்டி, போகாதீங்க! மழை பெஞ்சா இந்தக் கம்பியத் தொட்டா சிலிர்க்கும்!”

அம்மா ஓடிவந்து தம்பியை வாரி எடுத்தாள். “அடிப்பாவி! எத்தனை நாளாடி?”

“ரெண்டு வருஷமாம்மா.”

“ஊர்க்கதையெல்லாம் ஒப்பிப்பே! இதுக்கு மட்டும் வாய்க்குப் பூட்டா?”

ஆய்வாளர் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். சுவரில் நீர் தெளித்து ஊறவிட்டார். பிறகு டெஸ்டரைக் கம்பியில் வைத்தார். அதன் சிறு விளக்கு செக்கச்செவேலென எரிந்தது.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூச்சைப் பெயர்த்தபோது, உறை கிழிந்த பழைய வயர் ஒன்று கம்பியின் முனையை உரசிக் கிடந்தது.

“காஞ்ச சுவத்துல என் கருவிக்கே இது சிக்கல. உன்னாலதான் சிக்கிச்சு, கண்ணு” என்றார்.

மாலைக்குள் புது வயர் ஏறிவிட்டது. அவள் அண்ணனிடம் தொலைபேசியில் பேசினாள்.

“அண்ணா, சொல்லிட்டேன். கோபமா?”



“பாடத்துல படிச்சப்பவே எனக்குச் சந்தேகம்தான். சொன்னா நம்ம மேகம் போயிடுமேன்னு சும்மா இருந்துட்டேன். தப்பு என்னோடது, முந்திரி.” என்றவன் உடனே கேட்டான்: “தம்பி என்ன பண்றான்?”

“ஜன்னல்ல ஏறி, ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் டாட்டா காட்டறான்.”

“அம்மா திட்டலையா?”

“இனிமே ஏறலாமாம்!”

“அப்போ நல்லா ஏறட்டும்” என்று அண்ணன் சிரித்தான்.