பதினான்காம் அறையின் கேள்வி

மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. டிசம்பரில் ரஷ்யாவின் காமா ஆற்றங்கரையில் அப்படித்தான். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுப் பள்ளிக்குள் நுழைந்த ராயிசா, கோட்டைக் கழற்றி வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டும் ஃபயினா அத்தையிடம் கொடுத்தாள். பதினான்காம் அறைச் சாவியைக் கேட்டாள்.

"அங்கயா? வெளிச்சம் இருக்கறப்ப வந்திருக்கலாம்ல?"

"இந்த மாசத்துல வெளிச்சத்துக்கு எங்க அத்தை போறது?" என்று சிரித்தபடி மாடியேறினாள்.

பள்ளிக்கு வயது நூற்றிருபது. விழா மலருக்கு அதன் கதையை எழுதும் வேலை வரலாற்று ஆசிரியை ராயிசாவின் தலையில் விழுந்திருந்தது. மர வியாபாரி ஒருவர் பெண்பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி. புரட்சி வந்ததும் சிலுவை இறங்கிச் சிவப்புக்கொடி ஏறியது. போர் நாளில் வகுப்பறைகளில் காயம்பட்ட சிப்பாய்கள் கிடந்தார்கள். அந்தக் கொடியும் இறங்கி ஏழு வருஷமாகிறது. வாசலில் பழைய பெயரே திரும்ப வந்துவிட்டது.

அறையில் ஈரச்சுவர் வாடை. பழைய பதிவேடுகளுக்கு நடுவே ஒரு புகைப்படம்: ஐந்தாம் வகுப்பு, 1937. நடுவில் உட்கார்ந்திருந்த ஆசிரியையின் முகத்தில் மட்டும் மை அப்பியிருந்தது. முன்வரிசையில் இரட்டைப் பின்னலோடு ராயிசாவின் அம்மா.

அப்போது கரும்பலகையில் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தாள். பலகை வெறுமையாக இருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

பிறகு ஒரு பெண்குரல். கோபமில்லாத, களைத்துப்போன குரல். ஜெர்மன் மொழியில் கேட்டது: "இன்று யார் வரவில்லை?"

எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படம் கையிலேயே இருந்தது. அதைத் தலைமையாசிரியரிடம் காட்டினாள். குரலைப் பற்றி வாய் திறக்கவில்லை. விழாவுக்குப் பெரிய அதிகாரிகள் வருகிற நேரம், கல்யாண வீட்டில் இழவுப் பேச்சு எதற்கு, இந்தப் பழைய கதை மலரில் வேண்டாம் என்றார் அவர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் அம்மா கபிதோலினா, எழுபத்திரண்டு வயதுக்காரி, படத்தை வெகுநேரம் பார்த்தாள். தேநீர் ஆறிப்போயிற்று. கெர்த்தா கார்லொவ்னா என்று பெயர் சொன்னாள். அறுபத்தோரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அதே பதினான்காம் அறையில் ஜெர்மன் பாடம் எடுத்தவள். பாடத்தைத் தொடங்குமுன் தினமும் யார் வரவில்லை என்று கேட்பாள். அன்றைய முறைக்காரப் பிள்ளை எழுந்து பதில் சொல்லவேண்டும். ஒருநாள் அவள் கேட்ட அதே நொடியில் ரகசியப் போலீஸ்காரர்கள் இருவர் உள்ளே வந்து அவளை அழைத்துப் போனார்கள். திரும்பி வரவேயில்லை. மறுநாள், அவள் மக்கள் விரோதி என்று சொல்லி, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்த முகத்தில் மை தடவ வைத்தார்கள்.

"அன்னிக்கு முறை என்னோடது, ராயா," என்றாள் அம்மா. "எழுந்து நின்னேன். வார்த்தையே வரல. டீச்சர் கதவுகிட்டப் போய்த் திரும்பி என்னையே பாத்தாங்க. பதில் சொல்லுவேன்னு பாத்தாங்க."

அப்போதுதான் ராயிசா அந்தக் குரலைப் பற்றிச் சொன்னாள். "நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போ," என்றாள் அம்மா.

மறுநாள் அதே நேரம். ஜன்னலுக்கு வெளியே நீல இருட்டு. அம்மா முன்பெஞ்சில் தன்னை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாக்பீஸ் கீறியது.

நின்றது.

"இன்று யார் வரவில்லை?"

அம்மா பெஞ்சைப் பிடித்தபடி எழுந்தாள். மறந்துபோன ஜெர்மன் தட்டுத்தடுமாறி வந்தது.

"கெர்த்தா கார்லொவ்னா வரவில்லை."

பிறகு தன் பாஷையில், கிசுகிசுப்பாக, "எங்களை மன்னிச்சிருங்க டீச்சர்."

பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. அடுத்து இன்னொன்று. ஒரு வகுப்பே எழுந்து நிற்பதுபோல், கடைசி வரிசை வரைக்கும். ராயிசா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

படியிறங்கும்போது அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பேர் மலர்ல வரும்மா. தலைமையாசிரியர் முடியாதுன்னா என் பேரையும் எடுத்துடச் சொல்றேன்."

கீழே ஃபயினா அத்தை மூன்று கோட்டுகளை எடுத்து வைத்தாள். மூன்றாவது கறுப்புக் கம்பளி. இப்போது யாரும் தைக்காத தையல்.

"உங்க பின்னாடியே வந்தாங்களே ஒரு அம்மா, அவங்களோடது. எங்க, இன்னும் இறங்கலையா?"

ராயிசா படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள்; அவர்களோடு யாருமே வந்திருக்கவில்லை. அம்மா மெல்ல அந்தக் கோட்டின் காலரைத் தொட்டாள்.

"இதை எடுத்துக்கக்கூட விடல அன்னிக்கு. அப்படியே பனியில நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க."

ராயிசா கோட்டைக் கையில் எடுத்தாள். உள்துணியில் உடம்புச் சூடு இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்ததுபோல.