இடம் பத்திரமா?

நாங்கள் போய் இறங்கியபோது நல்ல வெயில். மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையின் முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. இரும்புக் கதவின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. வாசலில் எங்களை எதிர்பார்த்து யாரும் நிற்கவில்லை.

"போன் பண்ண அம்மாவ எங்க காணோம்?" என்றார் ஹாரன் மாமா. எங்கள் ஆம்புலன்ஸின் டிரைவர். ஒருமுறை சைரன் கெட்டுப்போனபோது, ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

"என்ன சொன்னாங்க மாமா?" என்றேன்.

"தொட்டிக்குள்ள ஒருத்தர் விழுந்துட்டாரு, சீக்கிரம் வாங்கன்னாங்க. அச்சு அசல் உன் குரல்தாம்மா. நீதான் விளையாடுறியோன்னு திரும்பிப் பாத்தேன். நீ பாட்டுக்குப் பின்னால உக்காந்து கட்டுத்துணி சுத்திட்டு இருந்த."

தம்பி சிரித்தான். "ஒரு அக்காவ வச்சிக்கிட்டு நான் படுற பாடு போதாதா மாமா? இன்னொண்ணு வேறயா?"

அந்தச் சிரிப்போடுதான் பையைத் தோளில் மாட்டினான்.

நாங்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்ல. எனக்கு நூலகத்தில் வேலை. அவன் மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். விடுமுறை நாட்களில் தொண்டர்களாக வண்டியில் போவோம். அவன்தான் முதலில் சேர்ந்தான், பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். "மிக்ஸி போனா வேற வாங்கிக்கலாம்க்கா. மனுஷனுக்கு ஸ்பேர் கிடைக்காது" என்பான்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். சிஸ்டர் என்போம். மூச்சு கொடுப்பது, ரத்தம் நிறுத்துவது எல்லாம் பிறகுதான். முதல் பாடம் வாசலிலேயே நிற்பது. முன்னால் போகிறவர் உள்ளே கால் வைக்கும் முன் உரக்கக் கேட்க வேண்டும்: "இடம் பத்திரமா?" பின்னால் வருகிறவர் மேலே, கீழே, சுற்றிலும் பார்த்துவிட்டு, "பத்திரம்" என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது.

"விழுந்து கிடக்கிறவனப் பாத்ததும் உங்க கண்ணு அவன விட்டு நகராது. அதனால பக்கத்துல இருக்கிற ஆபத்து தெரியாது. உங்களுக்கும் சேத்துப் பாக்கத்தான் பின்னால ஒருத்தர்" என்பார் சிஸ்டர்.

தம்பி அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்படி எதையாவது செய்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று கேட்பான்: "அக்கா, இடம் பத்திரமா?" கோபம் இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அவனும் வாசலைத் தாண்ட மாட்டான். மனம் இளகி "பத்திரம்" என்றதும் உள்ளே வந்து, அடுப்பில் என்ன இருக்கிறதோ அதில் கைவைப்பான்.

ஐஸ் தொழிற்சாலையின் உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது.

மூவருக்கும் கேட்டது. மெல்லிய முனகல். தூக்கத்தில் குழந்தை சிணுங்குவதுபோல.

"தொட்டி எங்க இருக்குன்னு பாக்குறேன். நீங்க கயிறு, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் எடுத்துட்டு வாங்க" என்று தம்பி முன்னால் போனான்.

"நான் வர்ற வரைக்கும் இறங்காதே."

"உன்னக் கேக்காம நான் என்னைக்கு எறங்கியிருக்கேன்?"

உள்ளே இருட்டு. கதவு வழியே விழுந்த வெயில் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது. துருவின் வாடையும், ஈரம் காய்ந்த சுவரின் வாடையும் வாசல் வரை வந்தன. அவன் தலையில் கட்டியிருந்த விளக்கு ஆடியாடிப் போய், ஓரிடத்தில் நின்று, கீழே குனிந்தது.

நான் வண்டிக்குள் சிக்கிக் கிடந்த கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். மாமா என் எதிரில் நின்று அதன் மறுமுனையைப் பிடித்திருந்தார்.

"அக்கா! இடம் பத்திரமா?"

'இருடா, வந்துட்டேன்' என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பதில் வந்துவிட்டது.

"பத்திரம்."

என் குரல். நான் சொல்வது போலவே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. ஆனால் அது வந்தது உள்ளேயிருந்து.

மாமாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பேசலியேம்மா," என்றார், மிக மெதுவாக.

"டேய், இறங்காதே! நான் சொல்லலடா!"

கத்திக்கொண்டே ஓடினேன். விளக்கு வெளிச்சம் தரையில் இல்லை. தரைக்குக் கீழே இருந்தது.

தொட்டியின் வாய் ஓர் ஆள் நுழையும் அளவு. இரும்பு ஏணி. அடியில் தம்பி ஒருக்களித்துக் கிடந்தான், தூங்குகிறவன் போல. நீண்ட நாள் மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் காற்று கெட்டுப்போயிருக்கும், அதற்கு வாடைகூட இருக்காது என்று சிஸ்டர் சொல்லித் தந்திருந்தார். முதலில் இறங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார் என்றும்.

எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏணியில் கால் வைத்தேன். மாமா பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தார். ஒரு கையால் என்னை அழுத்திக்கொண்டு, மறு கையால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். சிலிண்டரின் குழாய் அவன் முகத்துக்கு எட்டவில்லை. கயிற்றைப் போட்டோம், பிடிக்க அவனுக்கு நினைவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர்களையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் விலா ஏறி இறங்குவது அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. எத்தனையோ பேருக்கு மூச்சு திருப்பிக் கொடுத்த கைகள் என்னுடையவை. அவை அந்தத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தன.

அப்போது கீழே, வெளிச்சம் படாத மூலையிலிருந்து, அது மறுபடி பேசியது.

"பத்திரம்… பத்திரம்…"

குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல. என் குரலில்.

மாமா தன் இரு கைகளாலும் என் காதுகளைப் பொத்தினார்.

தம்பியின் விலா ஏறியது. இறங்கியது.

பிறகு ஏறவில்லை.

தீயணைப்பு வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கி வந்தார்கள். தொட்டிக்குள் வேறு யாரும் இல்லை. அடியில் படிந்திருந்த தூசியில் அவன் காலடித் தடம் மட்டும் இருந்தது.

விசாரணையில் எல்லோரும் என்னிடம் மென்மையாகத்தான் பேசினார்கள். பதற்றத்தில் சொல்லிவிட்டு மறந்திருப்பீர்கள் என்றார் ஒருவர். எதிரொலியாக இருக்கும் என்றார் இன்னொருவர். சொல்லாத சொல்லுக்கு எதிரொலி ஏது? மாமா எத்தனையோ முறை சத்தியம் செய்தார். அவருக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

சிஸ்டர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. பயிற்சியில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். இப்போது முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்க வேண்டும், பின்னால் நிற்பவர் கையை உயர்த்த வேண்டும். "குரல நம்பாதீங்க. முகத்தப் பாருங்க" என்கிறாராம். தொட்டியையும் கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார்கள்.

நான் வண்டியில் போவதை விட்டுவிட்டேன். நூலகத்துக்குப் போகிறேன், வருகிறேன், என் ஒருத்திக்குச் சமைக்கிறேன்.

துக்கம் கேட்க வருவோர் நின்றுபோன பிறகு ஒரு சாயங்காலம், அடுப்படியில் நின்றிருந்தேன். பின்னால் வாசலில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. துருவின் வாடை.

"அக்கா, இடம் பத்திரமா?"

அவன்தான். குரலில் களைப்பு இருந்தது, வெகுதூரம் நடந்து வந்தவன்போல. நான் திரும்பவில்லை. பதில் சொல்லவில்லை. சொன்னால் உள்ளே வந்துவிடுவான். வருவது அவன்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? என் குரலில் பேசத் தெரிந்ததற்கு அவன் குரலில் பேசத் தெரியாதா?

அதன் பிறகு பல சாயங்காலங்கள் கேட்டது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விடும். ஒருமுறை போகும் முன், "இன்னும் கோவமாக்கா?" என்று கேட்டது. அன்று இரவு முழுக்க அழுதேன். ஆனாலும் சொல்லவில்லை. பதில் வராமல் அவன் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான். அந்த ஒரு பாடத்தை அவன் ஒருநாளும் மீறியதில்லை.

நேற்றும் வந்தான். நேற்றும் கேட்டான்.

நான் வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றேன்.

என் பக்கத்தில், அடுப்புக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இருட்டில், யாரோ கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்கள்:

"பத்திரம்."